சோப்புத்தூள் மதில் பெயர்த்த படலம்

வாழிய இடுப்பே! முதுகுத்தண்டின் அடிவாரத்தில், கடைசிக் கணுவுக்கும் அதற்கு முந்தைய கணுவுக்கும் நடுவே சிங்காதனமிட்டு அமர்ந்து, காலையில் ஊசியாகவும் உச்சிப்பொழுதில் ஆணியாகவும் மாலையில் கடப்பாரையாகவும் வடிவெடுத்து ஆட்சி புரியும் வலியே, நீயும் வாழிய! பெருங்கதை பாட வந்தோர் எல்லாரும் தெய்வங்களை அழைத்தார்கள். தெய்வங்களும் வந்தன, அரண்மனையில் விருந்து நடந்ததால். இது சாமான் கடையில் நடந்த கதை. இங்கே எந்தத் தெய்வமும் எட்டிப் பார்க்காது. ஆகையால் அழைக்காமலே வந்து உட்கார்ந்திருக்கும் உன்னையே அழைத்துத் தொடங்குவது முறை.

பாட்டுடைத் தலைவன் கொக்கி. பெற்றோர் இட்ட பெயர் வேறு. அது அடையாள அட்டைகளில் இருக்கிறது, யார் வாயிலும் இல்லை. மூட்டையைக் குத்தி இழுக்கும் இரும்புக் கொக்கியை இருபத்திரண்டு ஆண்டுகளாக வலத்தோளில் தொங்கவிட்டுத் திரிந்ததால் கருவியே பெயராயிற்று. லாரி வென்றோன், படிக்கட்டுக் கடந்தோன், நூறு கிலோ மூட்டையின் கீழ் நின்று தும்மலை அடக்கியோன், சும்மாட்டையே மணிமுடியாகச் சூடியோன், கடைத்தெருவின் எந்தக் கடைக்குள்ளும் பின்வாசல் வழியே புகுந்து பின்வாசல் வழியே மீண்ட பெருமையோன், இத்தகையோன் அன்று மாலை, கேள்விக்குறி ஒன்று சட்டை போட்டு நடந்து வந்தால் எப்படி இருக்குமோ அப்படி வளைந்து, அத்தெருவிலேயே பெரிய பல்பொருள் அங்காடியின் முன்வாசலில் வந்து நின்றான். காலையில்தான் அதே கடையின் பின்வாசலில் ஒரு லாரிச் சரக்கை இறக்கி வைத்துப் போயிருந்தான். முன்வாசல் காவலாளிக்கு அந்த வரலாறு தெரியாது. அவர் கொக்கியின் அழுக்குச் சட்டையைப் பார்த்தார், கொக்கி அவருடைய தொப்பியைப் பார்த்தான், இரு நாடுகளும் சண்டையின்றிக் கடந்தன.

அவன் வந்தது மண்ணாசையால் அன்று, புகழாசையால் அன்று. இடுப்பில் இறுக்கிக் கட்டும் பெல்ட் ஒன்றை வாங்கிப் போக. ஏனெனில் அன்று நண்பகல், கூலிப்படையின் சேனாதிபதியாகிய மேஸ்திரி, பாதி தின்ற வாழைப்பழத்தைச் செங்கோல்போல் உயர்த்திப் பிடித்து, "நாளைக்கு சிமெண்டு லோடு. நிமிந்து நின்னா வா. இப்படிக் கூனிக்கிட்டு வர்றதா இருந்தா வீட்டுலயே இரு, எனக்கு வேற ஆளு இருக்கு" என்று பிரகடனம் செய்திருந்தார். வேற ஆளு என்பவன் இருபத்து மூன்று வயதுக்காரன். இடுப்பு என்று ஓர் உறுப்பு இருப்பதே இன்னும் தெரியாதவன். ஒரு முறை அவனுக்குப் போன இடம் திரும்பி வராது என்பதைக் கொக்கி அறிவான். அவனே அப்படி வேறொருவரின் இடத்துக்கு வந்தவன்தான்.

போர்ச்செலவுக்குப் பொருள் தந்தவள் வீட்டுக்காரி. சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். சேதி கேட்ட பிற்பகலே அங்காடிக்குள் ஒற்றர்போல் நுழைந்து, மருந்துச் சாமான் அலமாரியில் பெல்ட்டின் கீழே ஒட்டியிருந்த மஞ்சள் சீட்டைப் படித்து, திரும்பி வந்து, டப்பாக்கள் இரண்டைக் கவிழ்த்து எண்ணிக் கையில் கொடுத்து அனுப்பினாள். "முந்நூத்தி நாப்பது. என் கண்ணால படிச்சேன். அதுக்கு மேல ஒத்தக்காசு கேட்டாலும் நம்மகிட்ட இல்ல. பெல்ட்டோட வா. இல்லாட்டி அப்படியே மேஸ்திரி வீட்டு வாசல்ல போய்ப் படுத்துக்க, நாளைக்கு நடக்குற தூரமாவது மிச்சம்." வீரத்தாயர் மைந்தரைப் போருக்கு அனுப்பிய வாசகங்களில் இதைவிடச் சுருக்கமானது இருந்ததாகத் தெரியவில்லை.

குளிர்க்காற்று வீச, விளக்குகள் எரிய, யாரும் கேளாத பாட்டு எங்கிருந்தோ ஒலிக்க, கொக்கி அந்தப் பளிங்குத் தரைமேல் நடந்தான். பெல்ட்டைக் கண்டான், கறுப்பு நிறம், நான்கு இரும்புப் பட்டை, பிடித்து இழுக்க இரண்டு வார். அதன் கீழே மஞ்சள் சீட்டு. அதில் வீட்டுக்காரி சொன்ன அதே முந்நூற்று நாற்பது. பெல்ட்டை இரு கையாலும் ஏந்திக்கொண்டு பணம் கட்டும் வரிசையின் வால்நுனியில் போய் நின்று, ஓரடி ஓரடியாக, ஒவ்வோர் அடிக்கும் பல்லைக் கடித்து, இருபது நிமிடத்தில் கல்லாவை அடைந்தான்.

கல்லாவில் இருந்த பெண் உட்காரவில்லை. அந்த அங்காடியில் பில் போடுகிறவர்களுக்கு நாற்காலி கிடையாது. ஒன்பது மணி நேரமாக ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு உடலை மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தவள் பெல்ட்டை வாங்கிச் சிவப்பு வெளிச்சத்தின் கீழே காட்டினாள். பீப் என்று வெற்றிச் சங்கு முழங்கிற்று. வெற்றி கடைக்கு.

"முந்நூத்தி எண்பத்தொம்பது."

கேட்டதும் கொக்கியின் நெஞ்சில் வேல் பாய்ந்ததென்று சொன்னால் அது பொய். பாய்ந்தது இடுப்பில். அதுவரை குனிந்திருந்தவன் திடுக்கிட்டு நிமிர முயன்றதால், கடப்பாரை ஒரு சுற்றுச் சுற்றிற்று. நாற்பத்தொன்பது! சீட்டுக்கும் கல்லாவுக்கும் நடுவே பதினைந்து அடித் தூரம்; அந்தப் பதினைந்து அடியில் ஒரு பெல்ட் நாற்பத்தொன்பது விலை ஏறியிருக்கிறது. இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சரக்கைச் சுமந்தவன் அவன். பதினைந்து அடி சுமந்ததற்கு ஒருநாளும் அவனுக்கு நாற்பத்தொன்பது கிடைத்ததில்லை.

"அங்க முந்நூத்தி நாப்பதுனு ஒட்டியிருக்கும்மா."

"எனக்கு இங்க இதான் வருதுண்ணே. சார் வரட்டும்."

சார் வந்தார். தரைத்தளத்தின் காவலர், கழுத்துப்பட்டை அணிந்த கோமான், கழுத்தில் தொங்கும் அட்டையால் எந்தப் பூட்டையும் எந்த விலையையும் திறக்க வல்ல மேற்பார்வையாளர், பெல்ட்டைப் பார்க்கவில்லை, கொக்கியையும் பார்க்கவில்லை, கணினித் திரையைப் பார்த்து, நெடுங்காலத் தவத்தின் முடிவில் அசரீரி கேட்டவர்போல் கண்ணைப் பாதி மூடி, திருவாய் மலர்ந்தார்: "சிஸ்டத்துல என்ன இருக்கோ அதான் விலை. ஒட்டியிருக்குறது பழைய சீட்டு."

சிஸ்டம்! ஆதியும் அந்தமும் இல்லாதது, விலை ஏறும்போது தானே திருந்துவது, விலை குறையும்போது திருத்த ஆள் வராதது, எவர் எழுதியதென்று கேட்டால் எவரும் எழுதாதது! அதன்முன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, நாற்பத்தொன்பதைக் காணிக்கை வைத்து எழுந்து போனவர்கள் அந்த நகரில் எத்தனை ஆயிரம் பேர் என்பதற்குக் கணக்கில்லை. கொக்கியும் விழுந்திருப்பான். விழுவதற்குப் பையில் நாற்பத்தொன்பது இல்லை. பழம்பெரும் வீரங்கள் பலவற்றின் வேரும் இதுதான் என்பது சொல்லாமலே விளங்கும்.

"ஒரு போர்டு இருக்கு சார்" என்றான் கொக்கி. "சீட்டுல ஒரு விலை, இங்க ஒரு விலைன்னா, எது கம்மியோ அதான் வாங்கணும்னு எழுதிப் போட்டிருக்கு. உங்க கடையிலதான்."

"எங்க இருக்கு? எனக்குத் தெரிஞ்சு அப்படி எதுவும் இல்லையே" என்று சொன்ன மேற்பார்வையாளரின் கண் மட்டும் கல்லாவுக்குப் பக்கத்துத் தூணை நோக்கி ஓடி, சட்டென்று திரும்பி வந்தது.

அத்தூணின் முன்னே எழுந்து நின்றது மதில். முப்பத்திரண்டு அட்டைப்பெட்டி, பெட்டிக்குப் பதினைந்து கிலோ சோப்புத்தூள், வரிசைக்கு நான்காக எட்டு வரிசை, ஒரு வரிசை நெடுக்கு, மறுவரிசை குறுக்கு, ஒன்றின் வாயை ஒன்று கவ்விய கட்டு. எறும்பு நுழைய இடமின்றி, யானை முட்டினும் அசையாது, ஆளுயரத்துக்கு மேலே ஓங்கி நின்ற அம்மதிலைக் கட்டிய சிற்பி யார் என்று கேட்பீராயின், நாணத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது: கொக்கியேதான். காலையில் லாரி இறக்கியபோது, இதே மேற்பார்வையாளர் இதே விரலை நீட்டி, "அந்த போர்டு முன்னாடியே அடுக்கிடு, இடம் சும்மாதான கிடக்கு" என்று ஆணையிட, அடுக்குவதற்கு முன் மூச்சு வாங்க அந்தப் பலகையில்தான் நெற்றியைச் சாய்த்து நின்றான். மூக்குக்கு நேரே இருந்ததால் எழுத்துக் கூட்டிப் படித்தான். படித்துவிட்டு, கூலிக்காக, சட்டத்தை உயிரோடு சுவர் வைத்து மூடினான்.

இப்போது அதைத் தோண்டி எடுக்க வேண்டும்.

முற்றுகைக்குப் புறப்படும் மறவர் உழிஞைப் பூச் சூடுவர் என்பது பழைய இலக்கணம். கொக்கியிடம் பூ இல்லை. கழுத்துத் துண்டை எடுத்து நெற்றியில் இறுகக் கட்டினான். பெல்ட்டைக் கல்லாமேல் வைத்து, "பாத்துக்கம்மா" என்று அடைக்கலம் கொடுத்தான். வரிசையில் அவனுக்குப் பின்னே நின்ற தையல்காரம்மா, கூடையில் நூல்கண்டும் உறைந்த பட்டாணிப் பையுமாக, "என்னண்ணே செய்யப் போற?" என்றாள். அவன் மதிலை நோக்கி நடந்தான். வீரர்கள் சொல்வதில்லை, சொல்ல மூச்சும் இருப்பதில்லை.

முதற் பெட்டி இறங்கியது. முதுகுக்குள் மின்னல் ஓடியது. இரண்டாம் பெட்டி இறங்கியது. மின்னலைத் தொடர்ந்து இடி. மூன்றாவதில் கண்ணுக்குள் நட்சத்திரங்கள் அணிவகுத்தன. எட்டாவதில் காவலாளி ஓடி வந்து, இவனைத் தடுப்பதா தனக்குப் பழக்கமில்லாத வேலையில் தலையிடாமல் இருப்பதா என்று ஆய்ந்து, தொப்பியைச் சரி செய்துகொண்டு நின்றார். பன்னிரண்டாவதில் வரிசை முழுதும் வேடிக்கை பார்க்கத் திரும்பிற்று. "பெல்ட்டு வாங்க வந்தவரு இடுப்ப இங்கயே விட்டுட்டுப் போவாரு போல" என்று ஒரு குரல். "விட்டுட்டுப் போனா அதுக்கும் ஒரு விலை ஒட்டுவாங்க" என்று மறுகுரல். பத்தொன்பதாவதில் பலகையின் நெற்றி தெரிந்தது. இருபத்து நான்காவதில் முழுப் பலகையும் வெளிப்பட்டது. அறிவுள்ளோர் அங்கே நிறுத்துவர். கொக்கியின் குலத்தில், கலைத்த அடுக்கைப் பாதியில் விட்டுப் போவது பாதி மழித்த தாடியோடு தெருவில் நடப்பதற்கு ஒப்பான இழிவு. முப்பத்திரண்டையும் பெயர்த்துவிட்டே கையைத் தட்டினான்.

தையல்காரம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கட்டியக்காரியாகி உரக்கப் படித்தாள்: "அலமாரியில் ஒட்டிய விலையும் கல்லாவில் கேட்கும் விலையும் மாறுபட்டால், குறைந்த விலையே செல்லும். இந்த அறிவிப்பு வாடிக்கையாளர் கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும்." படித்து முடித்து, "கண்ணுல பட்டுச்சு சார், இப்பத்தான்" என்று சேர்த்தாள். கூட்டம் ஆர்த்தது.

மேற்பார்வையாளர் அசையவில்லை. கோட்டையின் வெளிமதில் வீழ்ந்தாலும் உள்மதில் உண்டென அறிந்த மன்னன்போல் புன்னகைத்து, "சரி. ஒத்துக்கிறேன். முந்நூத்தி நாப்பதுனு ஒட்டியிருக்கு இல்ல? அதைக் காட்டுங்க. காட்டிட்டு என்னைக் கூப்பிடுங்க" என்று உரைத்து, ஒற்றைக் கதவும் மேலே கூரையில்லாத தடுப்பும் உடைய தம் கண்ணாடி அறைக்குள் புகுந்து, தெருவைப் பார்த்து உட்கார்ந்து போனை எடுத்தார்.

கொக்கி திரும்பினான். கூட்டமும் திரும்பியது. மருந்துச் சாமான் அலமாரி இருந்த திசையில் அலமாரி இல்லை. அங்கே நின்றது மதில்: முப்பத்திரண்டு பெட்டி, எட்டு வரிசை, ஒரு வரிசை நெடுக்கு, மறுவரிசை குறுக்கு. பெட்டியைக் கீழே போட அறியாத கை அது, இறக்கினால் அடுக்கும், அடுக்கினால் கட்டும். எதிரே மூன்றெட்டில் வெறுந்தரை கிடக்கக் கண்ட கை, எஜமானனைக் கேளாமலே அங்கே அடுக்கி, மஞ்சள் சீட்டையும் அதன் முந்நூற்று நாற்பதையும் சேர்த்து மூடிவிட்டிருந்தது. சொந்தச் சாட்சியைத் தன் கையாலேயே சமாதி வைத்த வழக்காளி நின்றான், வாய் திறந்து.

சிரிப்பு எழுந்தது பாருங்கள், அது சிரிப்பன்று, மழைக்கால வெள்ளம். காவலாளி சிரித்தார். கொக்கிக்காக ஆர்த்த அதே வாய்கள் சிரித்தன. கூட்டத்தின் வாய்க்கு உள்ளே மனசாட்சி என்று ஒன்றும் கிடையாது. தையல்காரம்மா மட்டும் சிரிப்பை விழுங்கிக்கொண்டு, போனைப் பிடித்த கையை மதிலுக்கும் அலமாரிக்கும் நடுவே நுழைத்துப் படம் எடுக்கப் பார்த்தாள். விரல்கூட நுழையவில்லை. "இவ்வளவு நெருக்கமாவா அடுக்குறது? கொஞ்சம் மோசமா வேல செய்யத் தெரியாதாண்ணே உனக்கு?"

"தெரியாதும்மா" என்றான் கொக்கி. அந்த நிலையிலும் அவன் குரலில் சிறிது செருக்கு இருந்தது. வெட்கக்கேடு, ஆனால் இருந்தது.

நாளைய சிமெண்டு லாரி கண்முன் வந்து நின்றது. அதன் பின்பலகையில் இருபத்து மூன்று வயதுக்காரன் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கொக்கி துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்து மறுபடி கட்டினான்.

இரண்டாம் போரை விரித்துரைக்க நாவில்லை. முதற்போரில் மின்னலாக இருந்தது இதில் நெருப்பாயிற்று. நெருப்பு தொடை வழியே இறங்கிக் கணுக்கால்வரை ஆறாக ஓடிற்று. பதினோராம் பெட்டியில் அவன் முழங்காலூன்றினான், பதினான்காம் பெட்டியைத் தரையோடு தள்ளிப் போனான், இருபதாம் பெட்டியில் அவன் வாயிலிருந்து வந்த ஒலிக்கு எந்த அகராதியிலும் பொருளில்லை. இம்முறை எங்கே அடுக்குவது? வரிசையை மறித்தால் காத்திருப்போர்க்குத் துன்பம். அலமாரிகளை மறித்தால் மறுபடி அதே கேடு. எஞ்சியிருந்த வெறுந்தரை ஒன்றே, கண்ணாடி அறையின் கதவுக்கு முன்னே. சூழ்ச்சி என்று நினைத்துவிடாதீர்கள். அவனுக்கு அப்போது சூழ்ச்சிக்கெல்லாம் தெம்பில்லை. இடம் சும்மா கிடந்தது, அடுக்கினான். கல்லாப் பெண் பார்த்தாள். வெளிப்பக்கமாகத் திறக்கும் கதவு மெல்ல மெல்ல மூடுண்டு போவதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, ஒன்பது மணி நேரம் நின்ற காலிலிருந்து மறுகாலுக்கு மாறி, தன் நகங்களை மிகுந்த அக்கறையோடு ஆராயத் தொடங்கினாள்.

முப்பத்திரண்டாம் பெட்டி ஏறியது. அலமாரி வெளிப்பட்டது. மஞ்சள் சீட்டு, முந்நூற்று நாற்பது, கூட்டம் முழுதும் காண.

"சார், காட்டியாச்சு!" என்று கல்லாப் பெண் கூவினாள்.

மதிலுக்கு அப்பாலிருந்து, போனை வைக்கும் ஒலியும் நாற்காலி நகரும் ஒலியும் கேட்டன. பிறகு கதவு பெட்டிகளில் முட்டும் ஒலி. பிறகு மறுபடி முட்டும் ஒலி. கோமான் கண்ணுக்குத் தெரியவில்லை. மதிலின் மேல் விளிம்பில் விரல்கள் நான்கு மட்டும் தோன்றி மறைந்தன.

"யாருடா இது? எடு இதை!"

"சீட்டு இருக்கு சார். முந்நூத்தி நாப்பது."

"இருந்தா இருக்கட்டும். சிஸ்டத்துல மாத்த முடியாது, மேல கேக்கணும். முதல்ல இதை எடு!"

கொக்கி தரையில் உட்கார்ந்திருந்தான். எழ முடியாததால் உட்கார்ந்திருந்தான். ஆனால் மதிலுக்கு அப்பால் இருப்பவருக்கு அது உறுதிப்பாடாகப் பட்டிருக்க வேண்டும். காலாட்படை இல்லை, குதிரைப்படை இல்லை, எழுதிய சட்டத்தாலும் ஆகவில்லை, ஒட்டிய சீட்டாலும் ஆகவில்லை. உள்ளே ஒருவருக்குச் சிறுநீர் கழிக்கப் போக வேண்டியிருந்தது, அதனால் ஆயிற்று. சற்று நேரம் கழித்து மதிலின் உச்சியில் ஒரு கை எழுந்தது. அதில், எல்லாப் பூட்டையும் எல்லா விலையையும் திறக்க வல்ல அட்டை, அதன் நாடாவோடு.

"இந்தா, போட்டுத் தொலை. முந்நூத்தி நாப்பதே போடு."

மேலே கேட்க வேண்டியிருந்த சிஸ்டம், எவரையும் கேளாமல், கண்ணிமைக்கும் நேரத்தில் நாற்பத்தொன்பதை விழுங்கி முந்நூற்று நாற்பதைக் கக்கிற்று. பீப். கொக்கி வீட்டுக்காரி எண்ணிக் கொடுத்ததை எண்ணிக் கொடுத்தான். கூட்டம் கைதட்டியது. தட்டியவர்கள் எவரும் தங்கள் கூடைச் சாமானின் சீட்டுகளைப் போய்ப் பார்க்கவில்லை. சிஸ்டம் சொன்னதைக் கட்டிவிட்டு நல்ல வேடிக்கை என்று பேசிக்கொண்டே போனார்கள். தையல்காரம்மா ஒருத்திதான் பட்டாணிக்கு எட்டு கூடுதல் என்று கண்டுபிடித்துச் சண்டையைத் தொடங்கினாள்.

கொக்கி பெல்ட்டைக் கட்டினான். இரண்டு வாரையும் பிடித்து இழுத்தான். நான்கு இரும்புப் பட்டையும் நான்கு தோழர்போல் இடுப்பைத் தாங்க, மெல்ல மெல்ல, முதுகு முறியும் ஓசையோடு, நிமிர்ந்தான். முழுதும் அன்று, மேஸ்திரியை ஏமாற்றப் போதுமான அளவு.

"இன்னும் எடுக்கலையா?" என்றது மதில்.

"எனக்காக இறக்கினது வேற சார். உங்களுக்காக அடுக்குறதுன்னா கூலி உண்டு. பெட்டிக்கு ரெண்டு."

"தர்றேன்யா, தர்றேன். பழைய இடத்துலயே வச்சுத் தொலை!"

மும்முடி வேந்தரும் மூவுலகும் கேட்டுக்கொள்க! உறுதிமொழி பெற்றவன், புதுக் கச்சை அணிந்த போர்மறவன், அந்த மாலையின் மூன்றாம் முறையாக முப்பத்திரண்டு பெட்டியையும் வாரி எடுத்து, நெடுக்கும் குறுக்குமாகக் கவ்வக் கட்டி, தூணில் விளங்கிய சட்டத்தின் வாயை எட்டு வரிசைக்கு அடைத்து, மேல் வரிசையை உள்ளங்கையால் தட்டிச் சமன் செய்து நின்றான். சிறைமீண்ட கோமான் புயலெனக் கழிப்பறைக்குப் பாய்ந்தார். மீண்டு வந்தபோது முகத்தில் பழைய சாந்தம் குடிகொண்டிருந்தது. "கல்லாவுல இருந்து எடுத்துத் தர முடியாது, சிஸ்டத்துல கணக்கு இடிக்கும். மேஸ்திரிகிட்ட சொல்லி வாங்கிக்க" என்றார்.

அடுக்குகூலி அறுபத்துநான்கைக் கடை அவனுக்கு இன்னும் தரவில்லை.